ஒரு நாளுக்கு ஒரு தண்ணீர்: சின்னப் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் சுற்றுவது

இரண்டு வருடத்துக்கு முதல், பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, கொழும்பிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் ஒன்பது இடங்களின் பெயரை எழுதினேன். கோட்டை, நூலகம், நல்லூர், கீரிமலை, கந்தரோடை, நிலாவரை, கசூரினா, நயினாதீவு, பருத்தித்துறை. இரண்டு நாளில் எல்லாம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணம் என்ன பெரிய இடமா? எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் கடல் வந்து வழி மறித்துவிடும்.

முதல் நாள் காலை பதினொன்றரைக்கு நாங்கள் நின்ற இடம் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில் கடலுக்குள் போட்ட வீதி. இரண்டு பக்கமும் தண்ணீர், தலைக்கு மேலே வெயில், ஒரு மர நிழல் இல்லை. சின்னவன் வானுக்குள் சத்தி எடுத்து முடித்து அழுதுகொண்டிருந்தான். தங்கச்சியின் கைக்குழந்தை அவனைப் பார்த்து அழுதது. வாடகைக்குப் பிடித்த வானில் ஏசி வேலை செய்யவில்லை. படகு போய்விட்டது என்று நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறையில் நின்ற தெரிந்தவர் போனில் சொன்னார். அப்போது மூத்தவள் கேட்டாள்: "அம்மா, நாங்கள் எப்ப ட்ரிப் போறது?"

அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போய் வந்துவிட்டோம். இப்போது மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு மூன்றரை. உறவுக்காரர் யாராவது வந்தால் "அவளைக் கேளுங்கோ, அவள் சொல்லுவாள்" என்று என் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் திசையைப் பிரியுங்கள்

பட்டியல் எழுத வேண்டாம், படம் கீறுங்கள். ஒரு வெற்றுத் தாளில் நடுவில் நகரத்தைப் போட்டு மூன்று கோடு இழுங்கள். வடக்கே காங்கேசன்துறை வீதி: அது வலிகாமம். வடகிழக்கே பருத்தித்துறை வீதி: வடமராட்சி. மேற்கே பண்ணைப் பாலம் தாண்டினால் தீவகம். பார்க்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் இடமெல்லாம் இந்த மூன்றில் ஒன்றின் மேல்தான் வரும். ஒரு நாளுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான்.

நாங்கள் செய்த பிழை கோடு விட்டுக் கோடு பாய்ந்தது. கூகுள் மப்பில் கீரிமலைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவில் கரையோரமாகப் பார்த்தால் பக்கத்தில் போலத்தான் இருக்கும். நடுவில் பலாலி இருக்கிறது, விமான நிலையமும் படையினரின் பகுதியும் இருக்கின்றன, கரையோரமாக நேரே ஓடிப் போய்விட முடியாது. சுற்றி வர வேண்டும். காரைநகரும் குறிகட்டுவானும் அப்படித்தான். இரண்டும் "தீவுப் பக்கம்" என்று ஒரே மூச்சில் சொல்வோம். ஆனால் காரைநகருக்குப் போகும் வழி பொன்னாலைப் பக்கம், குறிகட்டுவானுக்குப் போகும் வழி பண்ணைப் பக்கம். இரண்டையும் ஒரு நாளில் வைத்தால் அந்த நாளை வாகனத்துக்குள்தான் கழிப்பீர்கள்.

அடுத்தது, அந்தக் கோட்டின் மேல் ஒரு தண்ணீரைத் தேடுங்கள். கேணியோ கடலோ, பிள்ளைகள் இறங்கி நனையக்கூடிய ஒரு இடம். அதுதான் அந்த நாளின் பெரிய இடம். அதோடு அரை மணித்தியாலத்தில் பார்க்கக்கூடிய ஒரு சின்ன இடம். மூன்றாவது இடம் எழுதக் கை வந்தால் பேனையைக் கீழே வையுங்கள். எங்களுக்குக் கோட்டையும் கோபுரமும் பிடிக்கும், எங்கள் வயதுக்கு அது சரி. மூன்று வயதுக்காரனுக்குப் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1619 என்றால் என்ன, ஒல்லாந்தர் பிடித்த 1658 என்றால் என்ன? அவனுக்குத் தண்ணீரும் மணலும் ஒரு ஆட்டுக்குட்டியும் காணும்.

மத்தியானம் வீட்டுக்கு

வெளியூர்ப் பயணத்தில் செய்ய முடியாத ஒன்று யாழ்ப்பாணத்தில் செய்யலாம்: மத்தியானம் திரும்பி வந்து படுக்கலாம். நகரத்திலிருந்து கீரிமலை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், பருத்தித்துறை முப்பத்திச் சொச்சம். எனவே காலையில் ஆறரைக்கு வெளிக்கிட்டு, பத்தரைக்குள் தண்ணீர் முடித்து, பன்னிரண்டுக்குள் சோறு தீத்தி, பிள்ளைகளைக் கிடத்திவிடுங்கள். மூன்றரைக்கு எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு சின்ன இடத்துக்குப் போகலாம். விடுதியில் தங்குகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். கடலைப் பார்த்த அறை வேண்டும் என்று தூரத்தில் எடுக்காமல் நகரத்துக்குள், திருநெல்வேலி, நல்லூர், கொக்குவில் பக்கம் எடுங்கள். மூன்று கோட்டுக்கும் அது நடு.

எங்கள் அம்மா முதலில் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பெற்றோல் காசைக் குடுத்துப் போட்டு வீட்டில வந்து படுக்கிறதோ?" என்றார். இரண்டாம் நாள் பின்னேரம் கோட்டைக் கொத்தளத்தில் பேரப்பிள்ளைகள் காற்றுக்குள் ஓடியதைப் பார்த்த பிறகு அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. மத்தியானத் தூக்கம் அவருக்கும் தேவைப்பட்டிருந்தது.

மாதம் என்று கேட்டால், தை, மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில் மழை. வாடைக்காற்று நேரம் வடக்குக் கடல் கொந்தளிக்கும். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கே வெயில் கண்ணைக் குத்தும், ஆனால் நுங்கும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அப்போதுதான் வரும், அதற்காக வருகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் கோயிலைச் சுற்றி வீதி மறித்திருப்பார்கள். திருவிழா பார்க்க வருவதென்றால் திருவிழாவுக்கென்றே வாருங்கள், ஊர் சுற்ற வேறு மாதம் பாருங்கள். ஆடி அமாவாசையன்று கீரிமலையில் பிதிர்க்கடன் செய்ய வரும் சனத்துக்குள் குழந்தையோடு நுழைய வேண்டாம்.

வலிகாமக் கோடு: கீரிமலை

முதல் நாளுக்கு இதைத்தான் சொல்வேன். வழி நேர் வழி. பயணம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே மருதனார்மடத்தில் வானத்துக்கும் பூமிக்குமாக ஆஞ்சநேயர் நிற்பார். எந்தப் பிள்ளையும் வாயைப் பிளந்து பார்க்கும், அதற்கு இறங்கவே தேவையில்லை. சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை தாண்டினால் செம்மண் தோட்டங்கள். வெங்காயம், புகையிலை, மரவள்ளி. தோட்டத்துக்கு இறைக்கும் நேரமென்றால் ஒரு நிமிடம் ஓரமாக நிறுத்துங்கள். குழாயால் தண்ணீர் பாய்ந்து வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிவதைச் சின்னவன் பார்த்துக்கொண்டே நின்றான், கூப்பிட்டால் வரவில்லை.

இந்த வீதிக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை ஓடுகிறது. காங்கேசன்துறை வரை ரயில் மறுபடி வந்தது 2015 தை மாதம். பிள்ளைகளுக்கு ரயில் கொண்டாட்டம்தான், ஆனால் உள்வீதிகளில் படலை இல்லாத கடவைகள் உண்டு. அங்கே வாகனத்தை நிறுத்தி, யன்னலை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பாட்டுச் சத்தத்தையும் குறைத்துவிடுங்கள்.

மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்பினால் கீரிமலை. போகும்போது கதையைச் சொல்லிவிடுங்கள்: குதிரை முகத்தோடு இருந்த மாருதப்புரவீகவல்லி என்ற இளவரசி இந்தத் தண்ணீரில் முழுகித்தான் முகம் மாறினாள், கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவருக்கும் இங்கேதான் சுகமானது. மாவிட்டபுரம் என்ற பெயரே "மா" என்ற குதிரையை விட்ட இடம் என்று சொல்வார்கள். மூத்தவள் கேணிக்குள் இறங்கினவுடன் மூன்று தரம் முழுகிவிட்டு, "இப்ப என்ர மூஞ்சை எப்பிடி?" என்று கேட்டாள்.

கேணியின் அதிசயம் அது இருக்கும் இடம்தான். ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக் கடல் அடிக்கிறது, இந்தப் பக்கம் நல்ல தண்ணீர் ஊறுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் இறங்கி நிலத்துக்குக் கீழே ஓடி இங்கே வந்து வெளிக்கிடுகிறது. பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! கடைசியில் கடல் தண்ணீரில் ஒரு விரல், கேணித் தண்ணீரில் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைக்கச் சொன்னேன். அதோடு விளங்கிவிட்டது.

இனிக் கவனிக்க வேண்டியவை. ஆண்களுக்குத் தனிக் கேணி, பெண்களுக்கு மதில் கட்டிய தனிக் கேணி. குடும்பம் இரண்டாகப் பிரியும் என்பதை வாகனத்திலேயே பேசி, யாரோடு எந்தப் பிள்ளை, மாற்று உடுப்புப் பை யாரிடம் என்று முடிவு செய்துவிடுங்கள். நாங்கள் முதல் தடவை பேசவில்லை. இவர் சின்னவனோடு அந்தப் பக்கம், துவாய் முழுக்க என்னோடு இந்தப் பக்கம். பிள்ளை பத்து நிமிடம் நடுங்கிக்கொண்டு நின்றது. படிகளில் பாசி வழுக்கும். நீந்தத் தெரிந்த பெடியள் மதிலிலிருந்து குதிப்பார்கள், அதைப் பார்த்து உங்கள் பிள்ளையும் கேட்கும். ஆழம் இருக்கிறது, படியிலேயே வைத்துக் குளிப்பாட்டுங்கள். ஏழு மணிக்குப் போனால் உள்ளூர் ஆட்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். ஞாயிறு பத்து மணிக்குப் போனால் பஸ்களில் வந்த சனம்.

திரும்பும் வழியில் சின்ன இடமாகக் கந்தரோடை. சுன்னாகத்திலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம். பனை வளவு ஒன்றுக்குள் முருகைக்கல்லால் கட்டிய சின்னச் சின்னத் தூபிகள், இடுப்பளவு, ஆளளவு, நெருக்கி நெருக்கி. "ஆரோ கிண்ணமெல்லாம் கழுவிக் கவிழ்த்து வச்சிருக்கினம்" என்றாள் மூத்தவள். பழைய பௌத்தத் தலம் என்று சொல்லிக்கொடுங்கள், தமிழர் நடுவிலும் பௌத்தம் இருந்தது என்பதைப் பிள்ளை சின்னதிலேயே தெரிந்துகொண்டால் நல்லது. ஏற விட வேண்டாம். இருபது நிமிடம் காணும்.

பின்னேரம்: கோட்டை, பிறகு ஐஸ்கிறீம்

நாலரைக்கு முதல் கோட்டைக்குப் போகாதீர்கள், கல் சுடும். போர்த்துக்கேயர் தொடங்கியதை ஒல்லாந்தர் 1658இல் பிடித்து ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். இதில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் விசயம் வேறு. மதிலுக்குக் கிட்டப் போய்க் கல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். முருகைக்கல் அது, கடலில் உயிரோடு இருந்தது. சில கல்லில் பூப்போல, சில கல்லில் தேன்கூடு போல, சிலதில் மூளை மடிப்புப் போல அடையாளங்கள் இருக்கும். "பூக்கல் பத்து, தேன்கூட்டுக்கல் அஞ்சு கண்டுபிடி" என்று விட்டால் அரை மணித்தியாலம் போய்விடும். விரலால் தடவிப் பார்க்கும்போது அந்தச் சொரசொரப்பை அவர்கள் மறக்க மாட்டார்கள். கொத்தளத்துக்கு மேலே ஏறினால் ஒரு பக்கம் கடனீரேரி, மறுபக்கம் நகரம். விளிம்பில் தடுப்பில்லாத இடங்கள் உண்டு, கீழே அகழி. ஒரு பெரிய ஆளுக்கு ஒரு பிள்ளை, கையை விடக்கூடாது.

பக்கத்தில்தான் நூலகம். வெள்ளைக் கட்டடம், முன்னால் சரஸ்வதி. 1981இல் எரிந்த கதையை மூத்தவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. "முந்தி இதில கன புத்தகம் இருந்தது, எரிச்சுப் போட்டினம், திரும்பக் கட்டினது" என்ற அளவில் நிற்கிறது. "ஆர் எரிச்சது?" என்று கேட்டாள். அந்தப் பதிலுக்கு அவளுக்கு இன்னும் கொஞ்சம் வயது போகட்டும்.

பிறகு நல்லூர் முன்வீதிப் பக்கம் ஐஸ்கிறீம். கோயிலுக்குள் போவதென்றால் ஐஸ்கிறீமுக்கு முதல் போங்கள், பிறகு போனால் கையெல்லாம் ஒட்டும். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும், சின்னப் பெடியனும்தான். பூசை நேரம் ஒரு நிமிடம் பிசகாது. சின்னவன் மணிச் சத்தத்துக்கு முதல் தடவை பயந்தான், இரண்டாம் தடவை தானே காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான்.

இரண்டாம் நாள்: தீவா, மணலா?

இங்கேதான் பிள்ளையின் வயதைப் பார்க்க வேண்டும்.

நெடுந்தீவு என்றால், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் வேண்டாம் என்பேன். குதிரைகளும் பெருக்க மரமும் கல் வேலிகளும் பார்க்க வடிவுதான். ஆனால் குறிகட்டுவானிலிருந்து படகு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஓடும், திறந்த கடல், திரும்பி வரும் நேரம் உங்கள் கையில் இல்லை. நயினாதீவு அப்படியில்லை. கால் மணித்தியாலம், இருபது நிமிடத்தில் இறங்கிவிடலாம். நாகபூஷணி அம்மன் கோயில், அன்னதானம், நடந்து போகும் தூரத்தில் நாகவிகாரை. காற்றில்லாத மாதத்தில் காலை முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். உள்ளே கீழ்த்தட்டில் இருந்தால் டீசல் மணத்துக்கே வயிறு பிரட்டும். காற்றுப் படும் இடமாகப் பாருங்கள். பாதுகாப்பு அங்கி கேட்டு வாங்கிப் போடுங்கள். பெரிய ஆளின் அங்கிக்குள் பிள்ளை நழுவும், சொந்தமாகச் சின்னதொன்று வைத்திருந்தால் கொண்டு போங்கள். கோயில் வெளிவீதியில் பத்து மணிக்குப் பிறகு வெறுங்கால் வைக்க முடியாது, பிள்ளையைத் தூக்க வேண்டி வரும்.

கடல் குளிக்கத்தான் ஆசை என்றால் காரைநகர் கசூரினா. கரையிலிருந்து கன தூரம் போனாலும் சின்னவனுக்கே முழங்கால் அளவுதான், அலையும் இல்லை. தாய்மாருக்கு இதைவிட நிம்மதியான கடல் குடாநாட்டில் இல்லை. கரையில் சவுக்கு மரங்கள். கீழே விழுந்து கிடக்கும் சவுக்கங்காய் வெறுங்காலில் ஏறினால் பெரியவர்களே துள்ளுவோம். தண்ணீர் வரை செருப்போடு போகவும். இடையிடையே சொறிமுட்டை என்ற ஜெலிமீன் வரும், அன்று கரையில் நிற்கும் ஆட்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். விடுமுறை நாள் பின்னேரம் போத்தலோடு வரும் கூட்டம் உண்டு. போத்தல் உடைந்த கண்ணாடி மணலுக்குள் கிடக்கும். கிழமை நாள், காலை. வேறு நேரம் நான் போவதில்லை.

வடமராட்சிதான் என் சொந்தத் தெரிவு. அந்தக் கோட்டில் மட்டும் நேரத்தைத் தலைகீழாக்கி மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு, இரண்டரை மூன்றுக்கு வெளிக்கிடுவோம். நீர்வேலியில் வாழைக்குலைகள், அங்கே ஒரு சீப்புக் கதலி வாங்கிக்கொள்ளுங்கள். புத்தூர்ச் சந்தியிலிருந்து சுன்னாகப் பக்கம் திரும்பினால் நிலாவரைக் கிணறு. இராமர் அம்பு விட்டு உண்டாக்கியது, அடியே இல்லாதது என்று கதை. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. முதல் நாள் கீரிமலையில் நாக்கில் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். எட்டிப் பார்ப்பது மட்டும், அதுவும் தூக்கி வைத்துக்கொண்டு. பிறகு வல்லைவெளி. காற்று வாகனத்தையே ஆட்டும். யன்னலைத் திறந்து கையை நீட்டக் கேட்பார்கள், விடாதீர்கள். நிறுத்தி இறங்கி நிற்க விடுங்கள். பருத்தித்துறையில் வெளிச்சவீட்டுப் பக்கம் ஒரு நடை, ஒரு பை தட்டை வடை. அது கடினம், உறைப்பு, பால்பல்லுக்கு ஏற்காது. பெரியவர்களுக்கு, ஒரு கிழமை வைத்துச் சாப்பிட.

அங்கிருந்து மணற்காடு. கடலோரமாக மணல் மலை மலையாகக் கிடக்கும், பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்கும். ஐந்து மணிக்கு மணல் ஆறியிருக்கும். வீட்டிலிருந்து ஒரு காட்போட் பெட்டியை விரித்துக் கொண்டுபோனோம். மூத்தவளும் சின்னவனும் அதில் இருந்து மேலிருந்து கீழே சறுக்கினார்கள், திரும்ப ஏறினார்கள், சறுக்கினார்கள். இருபது தரம் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். காசு கொடுத்துப் போன எந்தப் பூங்காவிலும் இவர்கள் இவ்வளவு சிரித்ததில்லை. தண்ணீர் இல்லாத ஒரே நாள் இது; மணல் தண்ணீராகிவிடுகிறது. பொழுது படுமுன் வெளிக்கிடுங்கள், இருட்டில் வல்லைவெளியில் மாடுகள் படுத்திருக்கும்.

பை, பாத்திரம், வாகனம்

உடுப்பை ஒரு பெரிய பையில் போட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு இடத்துக்கு ஒரு சொப்பிங் பை: உள்ளே ஒரு சோடி உடுப்பு, உள்ளாடை, சின்னத் துவாய். நனைந்தது அதே பைக்குள் திரும்பப் போகும். இரண்டு வெறும் சொப்பிங் பை முன் சீற்றுப் பொக்கற்றில் சத்திக்கு. சத்தி வரும் பிள்ளைக்குக் காலையில் பால் கொடுக்காதீர்கள். இடியப்பமோ பாணோ கொஞ்சம், பிறகு ஒரு தேசிக்காயைக் கையில் கொடுத்து மணக்க விடுங்கள். போன் பார்க்க விடக்கூடாது, வெளியே பார்க்க வேண்டும். சின்னவனுக்கு இந்த ஒன்றே பாதிச் சத்தியை நிறுத்தியது.

சாப்பாடு வீட்டிலிருந்து. புட்டும் கதலிப்பழமும் பிசைந்து ஒரு டப்பா, அவித்த முட்டை, சம்பல் தனியாகப் பெரியவர்களுக்கு. தண்ணீர் கட்டாயம் வீட்டிலிருந்து. தீவுப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் சவர். ஜீவனிப் பக்கற் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) இரண்டு, பனடோல் பாணி, பிளாஸ்ரர், நோவுக்குப் பூசும் சித்தாலேப. அவசரத்துக்கு 1990 என்று அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும், பொலிஸ் 119.

மலசலகூடம் பற்றி யாரும் எழுதுவதில்லை. பெரிய கோயில்கள், பெற்றோல் செட், சாப்பாட்டுக் கடை, இவைதான். மணற்காட்டில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். சின்னவன் மலம் கழிக்கும் பொட்டியை வாகனத்தின் பின்பக்கத்தில் வைத்திருக்கிறோம், வெட்கமில்லை. தெற்கிலிருந்து ஏ9இல் வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முகமாலைப் பக்கம் மண்டையோடு போட்ட சிவப்பு அறிவிப்புப் பலகை கண்டால் அவசரமென்று பிள்ளையைப் பற்றைக்குள் கூட்டிப் போகாதீர்கள். அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆனையிறவிலோ கொடிகாமத்திலோ நிறுத்தி முடித்துவிடுங்கள்.

வான் வாடகைக்கு எடுப்பதென்றால் முதல் நாளே போய்ப் பாருங்கள். ஏசியைப் போடச் சொல்லி ஐந்து நிமிடம் உள்ளே இருங்கள். பின் சீற்றில் பெல்ற் இருக்கிறதா, கதவைப் பிள்ளை உள்ளேயிருந்து திறக்க முடியுமா, பாருங்கள். காசு நாள் கணக்கா கிலோமீட்டர் கணக்கா, மத்தியானம் நீங்கள் படுக்கும் நேரத்துக்கு என்ன கணக்கு, சாரதியின் சாப்பாடு யாருடையது, எல்லாம் வாயால் கேட்டுவிடுங்கள். பிள்ளையை முன் சீற்றில் மடியில் வைத்துக்கொண்டு போவது எங்கள் ஊர்ப் பழக்கம். சடுதியாக பிரேக் போட்டால் முதலில் கண்ணாடியில் அடிபடுவது அந்தப் பிள்ளைதான். பின்னுக்கு, பெல்ற்றோடு. கார் சீற் இருந்தால் வானுக்கும் கொண்டு போங்கள், பூட்ட இடமிருக்கிறதா என்பதையும் அந்த முதல் நாளே பார்க்கலாம்.

திரும்பி வந்த அன்றே பைகளை முற்றத்தில் கொட்டிவிடுங்கள். நனைந்த உடுப்பு ஒரு இரவு சொப்பிங் பைக்குள் கிடந்தால் அந்த மணம் இரண்டு தோய்ச்சலுக்குப் போகாது. வாகனத்தை அடுத்த நாள் காலை பார்க்கலாம். மணற்காட்டுக்குப் போய் வந்த பிறகு இவர் காரைத் தும்புத்தடியால் கூட்டினார். ஒரு சிரட்டை நிறைய மணல், ஐந்து சவுக்கங்காய், பாதி கடித்த தட்டை வடை ஒன்று. வடை அம்மாவுடையது என்று சின்னவன் காட்டிக்கொடுத்தான்.